தொண்ணூற்றொன்றாவது விளக்கு

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில், மெர்லிமாவுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் எங்கள் கோயில் மண்டபத்தில், தொண்ணூற்றொரு பெண்களைச் சம வரிசைகளில் உட்கார வைக்க முடியாது என்று முடிவாயிற்று. அந்த முடிவைக் கேட்டுத் தன் குத்துவிளக்கைத் துணிப்பைக்குள் திரும்ப வைக்கத் தொடங்கியவள் என் அக்கா.

வரிசைகள் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் திருவிளக்குப் பூசைக்கென்று ஒரு முறை உண்டு. சன்னதியிலிருந்து வாசலை நோக்கி வரிசைகள் நீளும். ஒவ்வொரு வரிசையின் தலைப்பில் இருப்பவரிடமும் பூசாரி ஒரு கைவிளக்கைக் கொடுப்பார். அவர் தம் விளக்கை ஏற்றிவிட்டுப் பின்னால் இருப்பவரிடம் தருவார். சுடர் அப்படியே கைமாறிக் கைமாறி வாசல் வரை போகும். எல்லா வரிசைகளிலும் கடைசி விளக்கு ஒன்றாக எரியும் நொடியில் மணி அடிக்க வேண்டும். ஒரு வரிசை குட்டையாக இருந்தால் அது முன்பே முடிந்துவிடும், மணி பொருந்தாது. ஒரு விளக்கு மட்டும் தனியே நிற்பதையோ எங்கள் பெண்கள் ஒப்பவே மாட்டார்கள்.

அக்கா புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் வேலை செய்கிறாள். அவளுடைய மணவாழ்க்கை நீதிமன்றத்தில் மணவிலக்கோடு முடிந்த பிறகு கோயில் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தாள். கோபமோ விரதமோ காரணம் இல்லை, கேள்விகளுக்கு அஞ்சினாள். இந்தப் பூசைக்கு வர அவளாகவே இசைந்தாள். காரணத்தையும் அவளே சொன்னாள்.

"வரிசையில உக்காந்துட்டா யாரும் பக்கத்துல வந்து ஒண்ணும் கேக்க முடியாதுலா. எல்லார் கண்ணும் அவங்கவங்க விளக்குல இருக்கும். அதான் வர்றேன்."

ஷிஃப்ட் மாற்றித் தர ஒரு தோழி சம்மதித்தது பூசைக்கு முந்திய நாள்தான். ஆகவே வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயர் கடைசியாக ஏறியது: தொண்ணூற்றொன்று. நான் பெயர் கொடுக்கவில்லை, அவளைக் காரில் அழைத்து வருவது என் வேலை.

பூசைக் குழுவின் தலைவி தெங்கேராவில் துணிக்கடை வைத்திருப்பவர். ஊருக்கே அவர் ஆண்ட்டி. விளக்குகளை வைப்பதற்கு நறுக்கிய வாழையிலைத் துண்டுகளை வரிசைக்குப் பத்தாக ஒன்பது வரிசைகளில் அடுக்கி முடித்திருந்தார். கையில் ஓர் இலை மிஞ்சியது. அதைப் பிடித்தபடியே எல்லோர் காதிலும் விழும்படி கணக்குப் போட்டார்.

"ரெண்டு ரெண்டா வராது, ஒத்தப்படை. மூணு? ஒம்போதும் ஒண்ணும் பத்து, அதுவும் வராது. அஞ்சு, பத்து, சான்ஸே இல்ல. ஏழு? ஏழு பதினொண்ணு எழுபத்தேழு, ஏழு பன்னெண்டு எண்பத்து நாலு, முடிஞ்சுச்சு. ஒம்போது பத்து தொண்ணூறு, தாண்டிப் போச்சு. தொண்ணூத்தொண்ணு சிஃபிர்லயே இல்லலா! தொண்ணூறுதான் வரும். கடைசியா பேரு குடுத்தவங்க அடுத்த வருஷம் வாங்கம்மா, கோவிச்சுக்காதீங்க."

"இன்னும் ஒருத்தரச் சேத்துக்கலாமே?" என்று ஒருவர் கேட்டார்.

"தொண்ணூத்திரெண்டும் சிஃபிர்ல இல்ல. தொண்ணூத்தாறு ஆகணும். அஞ்சு பேர நான் எங்க போய் தேடுறது, செம்பனைக்குள்ளயா?"

மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. விளக்கின் தண்டைத் துணியில் சுற்றியபடி, "கார் சாவியக் குடு," என்றாள்.

அப்போது என் நெஞ்சில் எழுந்தது கணக்கு அன்று. நான் இடைநிலைப்பள்ளியில் தொடங்கிப் பல்கலைக்கழகம் வரை சொற்போர் மேடைகளில் நின்றவள். மேடையில் தோற்றிருக்கிறேன், ஆயத்தமில்லாமல் ஒருபோதும் ஏறியதில்லை. மணவிலக்குப் பெற்ற பெண்ணைச் சபையிலிருந்து விலக்குவதற்கு இந்தச் சமூகம் எத்தனை நாகரிகமான சாக்குகளைக் கண்டுபிடிக்கிறது என்பதைப் பற்றி என்னிடம் ஓர் உரை ஆயத்தமாகவே இருந்தது. எண் என்பது சாக்கு. உண்மைக் காரணம் என் அக்கா. அப்படித்தான் நம்பினேன். மண்டபத்தின் நடுவில் போய் நின்றேன்.

"ஆன்றோர் நிறைந்த இந்த அவையிலே ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். ஓர் எண்ணின் பெயரால் ஒரு பெண்ணை வெளியேற்றுவது..."

"மைக் இல்லாமலே ஆரம்பிச்சிட்டா பாரு," என்றார் ஆண்ட்டியோடு இலை அடுக்கிய ஒரு பெரியம்மா. "தண்ணி குடுங்கலா, முக்கா மணி நேரம் போகும்."

"ஐயோ, உக்காருடி," என்றாள் அக்கா.

ஆண்ட்டி சிரிக்கவில்லை. மிஞ்சிய இலையை என்னிடம் நீட்டினார். "பேச்செல்லாம் வேணாம்மா. தொண்ணூத்தொண்ண ஒழுங்கா வரிசை போட்டுக் காட்டு. வந்துச்சுன்னா உங்கக்கா உக்காரட்டும். நானா வேணாங்கிறேன்?"

சொற்போரில் எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் ஒழுக்கம், எதிரணியின் முடிவைத் தாக்கும் முன் அதன் ஆதாரத்தைச் சோதிப்பது. அவருடைய ஆதாரம் சிஃபிர். வாய்ப்பாட்டை நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம். எங்கள் பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களின் பின்னட்டையில் அச்சாகியிருக்கும் அது பன்னிரண்டோடு முடிகிறது. நாங்கள் எல்லோரும் பன்னிரண்டு வரைதான் ஒப்பித்து வளர்ந்தோம். பன்னிரண்டுக்கு மேல் பெருக்கல் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாய்க்குத் தெரியாது. அந்த அட்டையில் இல்லாத எண்ணைப் பார்த்தால் எங்கள் நாக்கு உடனே "வராது" என்றுவிடும். உண்மையைச் சொன்னால், அந்த நொடி வரை நானும் தொண்ணூற்றொன்றைப் பகா எண் என்றே கொண்டிருந்தேன். அதனால்தான் கணக்கை விட்டுவிட்டு நீதியைப் பற்றிப் பேசப் போனேன்.

கையில் இலையோடு நின்று, முறைப்படி யோசித்தேன். ஓர் எண் ஒன்றைவிடப் பெரிய இரண்டு எண்களின் பெருக்கலாக அமையுமானால் அது பகு எண். அப்படி அமையாவிட்டால் பகா எண். பத்துப் பத்து நூறு. தொண்ணூற்றொன்று அதற்கும் கீழே. ஆகவே பெருக்கும் இரண்டு எண்களும் ஒருசேரப் பத்தோ அதற்கு மேலோ இருக்க முடியாது. அவற்றில் ஒன்றாவது பத்துக்குள் இருந்தே தீர வேண்டும். பத்துக்குள் உள்ள பகா எண்கள் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. இந்த நான்கையும் சோதித்தால் போதும். நான்காலோ ஆறாலோ எட்டாலோ ஒன்பதாலோ வகுபடுவது இரண்டிலோ மூன்றிலோ முன்பே சிக்கியிருக்கும். முதல் மூன்றையும் ஆண்ட்டி சரியாகவே சோதித்துவிட்டார். ஏழிடம்தான் பாதி வழியில் நின்றுவிட்டார். தொண்ணூற்றொன்றிலிருந்து எழுபதை எடுத்தேன். மீதி இருபத்தொன்று. எழுபதில் பத்து ஏழு. இருபத்தொன்றில் மூன்று ஏழு.

"ஆண்ட்டி, ஏழு பதிமூணு."

"ஏழு பதிமூணு என்ன?"

"தொண்ணூத்தொண்ணு. ஏழு வரிசை, வரிசைக்குப் பதிமூணு பேர்."

அவர் உதடுகள் அசைந்தன. எண்பத்து நான்கில் தொடங்கி விரல்களில் ஏழு எண்ணினார். கடைசி விரலில் நின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடிப்பாவி, ஒரு படி ஏறாம விட்டுட்டனே! ஏய், எல்லா இலையையும் எடுங்க. மறுபடி போடுவோம்."

"இப்பதான் போட்டேன், இடுப்பு போச்சு," என்றார் பெரியம்மா, எழுந்துகொண்டே.

ஏழு வரிசைகளாகப் போட்டபோது கடைசி இலைகள் ஏறக்குறைய வாசற்படியைத் தொட்டன. சுடர் அணையாமலிருக்க, வாசல் பக்கத்து மின்விசிறியை நிறுத்தினார்கள். என் கையிலிருந்த இலை ஏழாம் வரிசையில் பதின்மூன்றாவது இடத்துக்குப் போனது. ஆண்ட்டி அக்காவிடம் நடந்து வந்தார்.

"வாம்மா, விளக்க எடு. எண்ணெய் பத்துமா? கொண்டா, நான் ஊத்துறேன்."

அக்கா உட்கார்ந்தாள். சுடர் வந்தது. ஏழு கடைசி விளக்குகளும் ஒன்றாக எரிந்தபோது மணி அடித்தது. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

வீடு திரும்பும்போது காரில் அவளிடம் கேட்டேன். "உண்மையிலேயே நம்பருக்காகத்தான் சொன்னாங்களா, இல்ல உனக்காகவா?"

"தெரியல," என்றாள். "ஆனா எண்ணெய் வழிய வழிய ஊத்துனாங்க." எனக்கும் தெரியவில்லை. பேசப்படாத என் உரை அந்த ஐயத்தோடு என்னிடமே தங்கிவிட்டது.

மறு ஆண்டு எண்ணிக்கை தொண்ணூற்றேழு. அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தாள். கடைசியாகப் பதிந்தவள் ஜாசினிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு பெண். ஆண்ட்டி தூரத்திலிருந்தே கூப்பிட்டார்.

"ஏய், மேடைப் பேச்சு! இங்க வா. தொண்ணூத்தேழு எப்படி?"

நான்கையும் சோதித்தேன். இரண்டு இல்லை, மூன்று இல்லை, ஐந்து இல்லை. ஏழு தொண்ணூற்றொன்றில் ஒருமுறை மிதித்துவிட்டு அடுத்து தொண்ணூற்றெட்டில்தான் மிதிக்கிறது. சோதிக்க வேறு எண் இல்லை. "இது உண்மையிலேயே பகா எண் ஆண்ட்டி. எப்படிப் போட்டாலும் வராது."

புதிய பெண் தன் விளக்கைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தாள். அக்காவும் திரியை விரித்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். ஓராண்டாக எங்கள் இருவரிடமும் இருந்த கேள்விக்கு இப்போது ஒளிய இடமில்லை. இந்த முறை கணக்கும் ஆண்ட்டியின் பக்கம்தான் இருந்தது.

ஆண்ட்டி மூச்சு விடாமல் சொன்னார். "ஏழு பதினாலு தொண்ணூத்தெட்டு. அப்ப ஒருத்தரு அதிகமில்ல, ஒருத்தரு கொறையுது. பின் அறையில என் விளக்கு இருக்கு, யாராச்சும் எடுத்துட்டு வாங்க."

"நீங்க உக்காந்தா மைக்க யாரு பிடிக்கிறது?" என்றார் பெரியம்மா. பூசைக் குழுத் தலைவி உட்கார்ந்து விளக்கேற்றி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் நின்று நடத்துபவர்.

ஆண்ட்டி ஒலிவாங்கியை என் கையில் திணித்தார். "இவ பிடிப்பா. ஆனா பேசக்கூடாது. 'ஏத்துங்க'ன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லு. ஆன்றோர், அவை, ஒண்ணும் வேணாம்."

புதிய பெண்ணுக்குப் பின்னால், வாசற்படியோரம், பதினான்காவது இலையில் அவர் உட்கார்ந்தார். அடுத்த வரிசையிலிருந்த அக்கா தன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவருடைய விளக்கில் ஊற்றினாள். நான் ஒலிவாங்கியை உயர்த்தி, "ஏற்றுங்கள்," என்றேன்.