அடிபட்ட மூன்று ஃபிரெட்டுகள்

அந்த பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தவர், நாவுலப் பக்கம் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் ஒரு பாட்டுக் குழுவின் சொந்தக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு.

"ஃபிரெட் எல்லாம் தேஞ்சு போச்சு தங்கச்சி. சரிவராததை மாத்திடுங்க. நாலு மணிக்கு வர்றேன்."

ஃபிரெட் என்பது கிட்டாரின் கழுத்துக்குக் குறுக்கே பதித்திருக்கும் உலோகத் துண்டு. கம்பியை அதன்மேல் அழுத்தித்தான் சுரம் பிடிப்பார்கள். பேஸின் கம்பி தடிப்பானது, அரம் போலச் சொரசொரப்பானது. ஒரே இடத்தில் வருடக்கணக்காக அழுத்தினால் ஃபிரெட்டில் பள்ளம் விழும். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது கடைசல் வேலை. மாத்தளையில் ஒரு மிளகுக் கடைக்குப் பக்கத்து அறையில் கிட்டார் திருத்துகிறேன். எதையும் தொடுமுன் பட்டியல் போடுவேன். அன்றும் போட்டேன்.

ஒன்று முதல் நான்கு: தடித்த கம்பிகளுக்குக் கீழே பள்ளம். அரம் போட்டால் போதும்.
எட்டிலிருந்து மேலே: தேய்வு இல்லை.
ஐந்து, ஆறு, ஏழு: தேய்வு அல்ல.

தேய்வு கம்பிக்கு நேர்கீழேதான் வரும். இந்த மூன்றிலும் கம்பி தொடவே தொடாத இடத்தில் வெட்டு விழுந்திருந்தது. வெட்டுக்குள் கறுப்புப் பெயின்ட் துணுக்கு. ஃபிரெட் மரத்துக்குள் இறங்கியிருந்தது. ஓரமெல்லாம் பிசுக்கு. பிசுக்கு எல்லாக் கிட்டாரிலும் இருக்கும். ஈர பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்பாகக் கரையும். இது சிவப்பாகக் கரைந்தது.

பிரஷ்ஷைக் கழுவினேன். பட்டியலில் 'அடி' என்று எழுதினேன். பிறகு மூன்றையும் சூடாக்கி, குறட்டால் பிடுங்கிப் புதியதை அடித்து இறக்கினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய்.

கழற்றியதை நான் எறிவதில்லை. இங்கே கராஜ்களில் பழைய சாமானை வாடிக்கையாளரின் கையில் கொடுத்துவிடுவார்கள், மாற்றியதற்கு அத்தாட்சியாக. நானும் பழைய ஃபிரெட்டுகளை இலக்கம் போட்டு ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுப்பேன்.

இரண்டரை மணிக்கு வேறொருவர் வந்தார். இடது கையில் முழங்கை வரை பிளாஸ்டர். வெளியே தெரிந்த விரல் நுனிகள் நாவற்பழ நிறம்.

"அந்த பேஸ் இங்கதானா தங்கச்சி?"

"நீங்க யாரு?"

"அதை வாசிக்கிற ஆள்." கையைப் பார்த்துக்கொண்டார். "வாசிச்ச ஆள்."

தம்புள்ளை ஹோட்டல் ஒன்றின் குழு அவரைக் கூப்பிட்டிருக்கிறது. போகப்போவதாகச் சொந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த கல்யாணத்தில், மேடையில் சவுண்ட் சரிபார்க்கும்போது, அவர் கை ஐந்தாவது ஃபிரெட்டில் இருக்க, சொந்தக்காரர் மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகத் தூக்கி அதன் கறுப்பு இரும்பு அடித்தட்டால் அடித்திருக்கிறார். இரண்டு தரம். மூன்று விரல்கள். லொறியிலிருந்து விழுந்தார் என்று குழுவில் எல்லோரும் பொலிஸில் சொல்லிவிட்டார்கள்.

"சாட்சி இருக்கான்னு கேக்குறாங்க. இந்த பேஸ்தான் சாட்சி. அவன் அதையும் திருத்தக் குடுத்துட்டான்."

பளபளத்த மூன்று புது ஃபிரெட்டுகளைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பெயின்ட் துணுக்கு அப்படியே இருந்தது. அவர் அதை முகத்துக்கு அருகே பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டு எழுந்தார்.

"இருங்க அண்ணே. வெறும் உலோகத் துண்டைப் பார்த்து அவங்களுக்கு என்ன தெரியும்? அளவோட எழுதித் தர்றேன்."

அவரை இருக்கச் சொன்னது என் பிழை. வெட்டின் ஆழம், நீளம், ஓரத்திலிருந்து தூரம் என்று பொலிஸுக்காகச் சிங்களத்தில் எழுதினேன். ஒரு வரி தப்பாகிப்போனது. தாளைக் கிழித்து முதலிலிருந்து எழுதினேன்.

"போதும் தங்கச்சி. நீங்க என்ன, பரீட்சையா எழுதுறீங்க?"

"இன்னும் ரெண்டு அளவுதான்."

சொந்தக்காரர் மூன்றேகாலுக்கே வந்துவிட்டார்.

"ஓ, ஒத்தக் கை வித்வானும் இங்கதானா?" என்று சிரித்தார். பிறகு என்னிடம், "பழைய ஃபிரெட் எங்க?"

நான் பதில் சொல்லுமுன் பையிலிருந்து எட்டிப்பார்த்த அட்டையைக் கண்டுவிட்டார். வாசித்தவரின் கொலரைப் பிடித்து முகத்தை ஷட்டர் சட்டத்தில் மோதினார். உதடு கிழிந்தது. மறுபடி மோதினார். நான் இடையில் புகுந்து அட்டையை உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர் என் இடது மணிக்கட்டைப் பிடித்து, மேசையில் கிடந்த பேஸின் கழுத்தில் என் கையை விரித்து அழுத்தினார். மறு கையில் என் சுத்தியல்.

"குடுடி. இல்லன்னா இவனுக்குச் செஞ்சதுதான் உனக்கும்."

வாசலில் பக்கத்து மிளகுக் கடைக்காரர் நின்றார், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன். "யா அல்லாஹ்! பொம்புளப் புள்ளயில கை வெக்கிறியா?" என்று கத்தினார்.

சுத்தியல் மேலே போனது. அப்போது வாசித்தவர் பிளாஸ்டர் கையால் சொந்தக்காரரின் காதில் அடித்தார். மறுபடி அடித்தார். மூன்றாவது அடியில் பிளாஸ்டர் பிளந்தது. அதற்குள்ளே இன்னொன்று முறிந்த சத்தமும் எனக்குக் கேட்டது. சொந்தக்காரர் காதைப் பொத்திக்கொண்டு விழுந்தார், விரலிடுக்கில் இரத்தம். வாசித்தவரும் கையை மார்போடு அணைத்துக்கொண்டு முழந்தாளிட்டார்.

நானாவும் அவர் கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் இருவரும் பொலிஸ் வரும்வரை சொந்தக்காரர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். 'இவனுக்குச் செஞ்சதுதான் உனக்கும்' என்று தன் காதால் கேட்டதை நானா பொலிஸாரிடம் சொன்னார். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். அட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். என் தாளை வாசிக்காமல் மடித்துக் கோப்புக்குள் வைத்தார்கள். சொந்தக்காரரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டரை வெட்டித் திறந்தபோது எலும்புகள் இடம் மாறியிருந்தன. முதல் முறிவோடு நின்றிருந்தால் விரல்கள் மடங்கியிருக்கும், இனி இரண்டு மடங்காது என்றார் டாக்டர். வாசித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"பொலிஸ்ல எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க அண்ணே."

ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. எலும்பை இழுத்துச் சேர்த்தபோது அவர் வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கின. நான் கையை இழுக்கவில்லை.