வடை சுற்றிய கடதாசி

இன்றைக்குக் காலையில் ஆலோசனை அறையைத் திறந்ததும் எனக்கு ஓங்காளித்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை புது வருட வகுப்புகள் தொடங்குகின்றன. அதற்கு முன் அறையைக் கூட்டித் துடைத்து, கதிரைகளை ஒழுங்காக வைத்து, சுவரில் இரண்டு நல்ல வசனங்களும் ஒட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். லீவு நாளில் பரீட்சைக் கடமைக்கு வந்தவர்கள் என் அறையில் இருந்துதான் மத்தியானம் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டது குற்றமில்லை. சாப்பிட்ட லஞ்ச் சீற்றைச் சுருட்டி, என் மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டல்லவா போயிருக்கிறார்கள், படித்த மனிசர்! மீன்முள்ளும் சோறும் வாரக்கணக்கில் லாச்சிக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று விபரமாக எழுத மாட்டேன். நீங்கள் சாப்பிடுகிற நேரமோ தெரியாது. புழு என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புழுவை அள்ளிக் கொட்டினேன். பினோயில் ஊற்றிக் கழுவினேன். லாச்சி மூலையில் எண்ணெய் ஊறிய கொப்பித் தாள் ஒன்று கிடந்தது, யாரோ வடை சுற்றி வந்தது. அதைத் தொடத்தான் எனக்குக் கை வரவில்லை.

நான் ஆலோசனை ஆசிரியை ஆனதே ஒரு பகிடி. மனையியல் படிப்பிக்க வந்தவள் நான். அதற்கு ஏற்கனவே ஒரு ரீச்சர் இருந்தபடியால் இரண்டு மூன்று வகுப்புகளைத் தந்துவிட்டு, மிச்ச நேரம் என்னை என்ன செய்வது என்று அதிபர் முழித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கூப்பிட்டு, "ரீச்சர், நீங்கள் மெல்லமாக் கதைக்கிறீங்கள். பிள்ளையளுக்குப் புத்தி சொல்ல நல்லம்" என்றார். எனக்கு அந்தக் கிழமை தொண்டைப்புண். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் பயிற்சி, ஒரு கோவை, மத்தியானம் கோழிக்கறி. அவ்வளவுதான், ஊரார் மனதையெல்லாம் திறக்கிற திறப்பு என் இடுப்பில் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அறையும் அப்படித்தான். விளையாட்டுச் சாமான் அறையின் நடுவில் அலுமாரி ஒன்றை வைத்து மறித்து, இந்தப் பக்கம் ஆலோசனை என்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பழைய பந்துகளின் வியர்வை மணம் வரும். ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் காற்று. உப்பு பட்டுப் பட்டுக் கொண்டியெல்லாம் துருவேறி, திறந்தால் மூட ஏலாது. ஜன்னலுக்கு வெளியே கன்ரீன், அதன் பின்னால் எப்போதும் இரண்டு மூன்று மான். வெளியூர்ச் சனம் எங்கள் ரவுணில் மானைக் கண்டால் படம் எடுக்கும். நாங்கள் தும்புத்தடியால் கலைப்போம். பாண், பொலித்தீன், கடதாசி, எதை வைத்தாலும் தின்னும்.

அந்த அறைக்குத்தான் பல வருடங்களுக்கு முன் கௌசி வந்தாள். பேரை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் புத்தி எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. பத்தாம் ஆண்டு. அன்புவழிபுரத்தில் வீடு, தகப்பன் இல்லை. துறைமுகத்துக்குள் வேலை செய்த தாய்மாமன்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டார். மூன்றாம் தவணை முடியப்போகிற நேரம், கேட்காமல் கொள்ளாமல் வந்து கதிரையில் சாய்ந்து இருந்தாள்.

"மாமா வீட்டிலை நிக்கேக்கை எனக்குக் குளிக்கப் பயமாக் கிடக்கு ரீச்சர்."

அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையும் இல்லை. "இது எனக்கும் உனக்கும் மட்டும்" என்றேன். தாயை மட்டும் கோயில் வீதியில் தனியாகச் சந்தித்துக் கதைத்தேன். அந்த மனிசி அழுதது, ஆனால் அதிர்ச்சிப்படவில்லை. கந்தளாயில் கௌசியின் பெரியம்மா ஒருவர் இருந்தார். புது வருடம் தொடங்கியதும் விடுகைப் பத்திரம் எடுத்து அங்கே சேர்த்துவிட்டால் யாரும் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். "என்ரை தம்பிக்குத் தெரியாமச் செய்வம் ரீச்சர்" என்று தாயும் ஓம்பட்டார். ஒரு லீவு மட்டும் கழிய வேண்டும்.

இனித்தான் என் கெட்டித்தனம் வருகிறது. ஆலோசனைப் பதிவேட்டில் பெயர், வகுப்பு, பிரச்சினை, வழங்கிய ஆலோசனை எல்லாம் எழுத வேண்டும் என்பது மேலிடத்துச் சட்டம். எழுதினேன். வருடத் தொடக்கத்தில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்றதும், அடித்து வெட்டி எழுதியதைக் காட்டக் கூச்சப்பட்டு, லீவுக்குள் முழுவதையும் புதுக் கொப்பி ஒன்றில் அழகாகப் பிரதி பண்ணினேன். தலைப்புக்குச் சிவப்புக் கோடு வேறு. முத்து முத்தான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் குடியைக் கெடுத்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு வழக்கம். தவணை தொடங்கமுன் அறைகளைத் துப்புரவாக்கும்போது, பழைய விடைத்தாள்களை ஆளாளுக்குக் கட்டி கன்ரீன் அக்காவிடம் கொடுப்போம். வடை சுற்றுவதற்கு. பதிலுக்கு முதல் நாள் முதல் சட்டி வடை ஆசிரியர் அறைக்கு வரும். நானும் என் மனையியல் விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்தேன். பழைய பதிவேட்டின் தாள்களும் அந்தக் கட்டுக்குள் போயின. போனது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் இடைவேளைக்கு வடை வந்தது. நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். கணித சேர் தன் வடையைப் பிரித்துவிட்டுக் கடதாசியைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று இன்னும் படுக்கையில் சலம் போகிறதாம். அறை முழுக்கச் சிரிப்பு. எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து இன்னும் துலக்கமாய்த் தெரிந்தது, முத்து முத்தாக. வாயில் இருந்த வடையைக் கையில் துப்பிக்கொண்டு கன்ரீனுக்கு ஓடினேன்.

"அக்கா, அந்தக் கடதாசிக் கட்டைத் தாங்கோ!"

"என்ன ரீச்சர், குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறீங்கள்? அரைவாசி முடிஞ்சுதே!"

இருந்ததைப் பறித்துப் பார்த்தேன். கௌசியின் தாள் இல்லை. குப்பை வாளியைக் கவிழ்த்தேன், சட்னியும் எச்சிலும் கையில் வழிய ஒவ்வொன்றாய் விரித்தேன். இல்லை. பின்னால் ஒரு மான் நின்று கடதாசி சப்பிக்கொண்டிருந்தது. கோணேசப் பெருமானே, அது கௌசியின் தாளாக இருக்கட்டும் என்று, மான் வாயைப் பார்த்து வேண்டினேன். ஆசிரியர் அறையில் அதைச் சொன்னால் அதற்கும் சிரித்திருப்பார்கள்.

மான் தின்றது வேறு எதையோ. மணி அடிக்கமுன்னம் கௌசியின் தாள் பதினோராம் ஆண்டு வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அடுத்த நாள் மாமா வந்தார். வெள்ளைச் சேட், நெற்றி நிறையத் திருநீறு. குடும்ப மானம் போய்விட்டதாம். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை. அதிபரின் அறையில் தாய் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். கௌசி என்னைப் பார்க்கவேயில்லை.

"நான் பொய் சொன்னனான் சேர்" என்றாள்.

"சின்னப் பிள்ளைதானே சேர், மன்னிச்சு விடுவம்" என்றார் மாமா.

அவருக்குத் தேத்தண்ணி வந்தது. ஆறுதலாக ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடியும்வரை நான் வாயைத் திறக்கவில்லை, மெல்லமாகக் கூட. அவர்கள் போனபிறகு அதிபர், "நல்லவேளை ரீச்சர், பள்ளிக்கூடத்தின்ரை பேர் தப்பிச்சுது" என்றார். தூ! இவ்வளவு காலம் கழித்தும் அந்த அறையை நினைத்தால் எனக்கு அருவருக்கிறது. அந்த ஆள், அந்தத் தேத்தண்ணி, அந்தப் பேர். எல்லாவற்றையும் விட, கைகட்டி நின்ற என்னை நினைத்தால்தான். கந்தளாய்க்கு விடுகைப் பத்திரம் எடுக்க ஒருவரும் வரவில்லை. கௌசியும் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை.

போன கிழமை சப்பாத்துக் கடையில் அவளைக் கண்டேன். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, ஆறாம் ஆண்டுக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரப்போகிறதாம். கௌசி என்னைக் கண்டு ஒளிக்கவில்லை. மரியாதையாகச் சிரித்தாள்.

"மாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வீட்டிலைதான் ரீச்சர். படுத்த படுக்கை. நான்தான் பாக்கிறன், வேறை ஆர் பாக்கிறது?"

பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டு, "இவவுக்குச் சொல்லிப்போட்டன். ரீச்சரைக் கண்டா வணக்கம் சொல்ல வேணும், மரியாதையா இருக்க வேணும். வீட்டுக் கதை ஒண்டும் உங்களோடை கதைக்கக் கூடாதெண்டு. குறை நினைக்காதேங்கோ."

"நல்லதுதான் பிள்ளை" என்றேன்.

இந்த வருடத்துப் படிவத்திலும் பெயர் எழுத ஒரு நிரல் வந்திருக்கிறது. நான் கோடிழுத்து விடுகிறேன், கேட்கிறவன் கேட்கட்டும். ஆனால் அதனால் என்ன? இப்போது வருகிற பிள்ளைகள் கதிரை நுனியில்தான் இருக்கிறார்கள். "ரீச்சர், இதை எங்கையாவது எழுதுவீங்களோ?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இல்லை என்றாலும் என் கையில் பேனை இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறார்கள். கௌசி என்னிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. வந்தாள், இருந்தாள், சொன்னாள். அதற்குப் பிறகு அப்படி ஒரு பிள்ளை என் அறைக்கு வரவேயில்லை.