இடையில் வந்த குரல்

ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடியும் திறக்கிறார். உள்ளேயிருந்து எதையும் எடுப்பதில்லை. கதவின் ரப்பர் விட்டுக்கொடுக்கும் அந்தச் சின்னச் சத்தம் இன்னும் திருப்தியாக வரவில்லையாம். பால் கெட்டால் கெடட்டும், பதிவு கெடக் கூடாது. தெருவில் அவருக்கு ‘மைக் சார்’ என்று பெயர்.

மைக் சார் சத்தம் விற்கிறார். மழை, மின்விசிறி, மரப்படி, ஈரத்துணியை உதறுவது, ஆளில்லாத அறை என்று எல்லாவற்றையும் பதிவு செய்து ஓர் ஒலிக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவார். படம் எடுப்பவர்களும் விளம்பரக்காரர்களும் அதிலிருந்து வேண்டிய துண்டை எடுத்துக்கொள்வார்கள். ஆளில்லாத அறையில் என்ன சார் சத்தம் என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்றைய வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

உலகத்தின் மேல் அவருக்கு ஒரே ஒரு குறை, அது வாயை மூடுவதில்லை. மழையைப் பிடிக்க உட்கார்ந்தால் நாய் குரைக்கிறது. நாய் ஓய்ந்தால் மாடிவீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிறார். “மழை பெய்யறப்ப நாற்காலியை எதுக்குய்யா நகர்த்தணும்? வீட்டுக்குள்ள இருக்கறது நனையவா போகுது?” என்று கூரையைப் பார்த்துப் புலம்புவார். இத்தனையும் தாண்டி ஒன்று உருப்படியாக அமைகிற நேரம் பார்த்து, சமையலறையிலிருந்து வீட்டம்மாவின் குரல் வரும். சாப்பிட வாங்க, ஆறிப்போகுது, காது கேக்குதா இல்லையா. வேண்டாதவர்கள் அந்த இடத்தை வெட்டிக்கொள்ளட்டும் என்று அப்படியே ஏற்றிவிடுவார்.

சென்ற மாதம் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கம்பெனி அந்தக் களஞ்சியத்தையே மொத்தமாக உரிமத்துக்குக் கேட்டது. தன் இயந்திரத்துக்குச் சத்தங்களைக் கற்றுக்கொடுக்கப் போகிறதாம். மைக் சாருக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய ஆளில்லாத அறைகளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேட்க இதுவரை ஒரு ஜீவன் வந்ததில்லை. மெஷினாக இருந்தால் என்ன, காது காதுதானே. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பதிவில் யார் குரல் கேட்டாலும் அவர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பதிவு சேராது. தேடிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதிவுகளில் வீட்டம்மா இருந்தார்.

கையெழுத்துதானே என்று தாளை நீட்டினார். வீட்டம்மாவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, விவரம் தெரியாமல் எதிலும் பேனா வைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டு, முடியாது என்றார்.

மைக் சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்படி என்ன பெரிய ரகசியம் பேசிட்டே? சாப்பிட வாங்கன்னுதானே?”

“நான் சொன்னது இருக்கட்டும். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டீங்களா? ஒவ்வொண்ணுலயும் நான் கூப்பிடறேன், நீங்க உஷ்னு அதட்டறீங்க. வீட்டுல ஒருத்தி கூப்பிட்டா இதான் பதில்னு அந்த மெஷினும் கத்துக்கும். அதுக்கு நான் கையெழுத்து வேற போடணுமா?”

கெஞ்சிப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார். வெளியூரில் இருக்கும் மகளைத் தூது விட்டார். அவள், “அம்மா சொல்றதுல என்னப்பா தப்பு?” என்று போனை வைத்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் அனுப்பியாக வேண்டும் சார் என்று களஞ்சியத்து அலுவலகப் பெண் மரியாதை குறையாமல் நச்சரித்தாள். ஒரு வழியும் அவளே சொன்னாள். குறிப்பிட்ட குரலை மட்டும் நீக்கிவிட மென்பொருள் இருக்கிறதாம். மைக் சார் சமையலறை வாசலில் போய் நின்று, அப்போ உன்னை எடுத்துடுவேன் என்றார்.

“எடுத்துக்கோங்க,” என்றார் வீட்டம்மா.

அன்றோடு கூப்பிடுவதை விட்டுவிட்டார். கணவருடைய பங்கை மூடி வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குச் சாப்பிட்டு எழுந்துபோனார். மைக் சார் ஆசைப்பட்ட அமைதி வீட்டில் கிடைத்தது. அந்த அமைதியில் இரண்டு நல்ல பதிவுகள்கூட அமைந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மென்பொருள் வேலையைச் சுத்தமாகச் செய்தது. தன் குரலுக்கு மைக் சாரே சம்மதம் எழுதிவிட்டதால் அது அப்படியே இருந்தது. வீட்டம்மாவின் குரல் மட்டும் துடைத்தாற்போல் போய்விட்டது. அனுப்புவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தார். மழை பெய்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் நடுவில் ஒரு ஆள் உஷ் என்றான். மின்விசிறி சுற்றியது, அங்கேயும் உஷ். கடைசியில் ஆளில்லாத அறை. அதற்குள்ளும் புகுந்து உஷ் என்றான். கிறுக்கனா இவன், யாரை அதட்டுகிறான் என்று மைக் சாருக்கே எரிச்சல் வந்தது. எரிச்சல் அடங்கியதும் பதிவை நிறுத்தினார்.

சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு தட்டுதான், அந்தக் காதுக்கு அது தெரியாமல் போகுமா. திரையில் ‘அனுப்பு’ என்ற பொத்தான் அப்படியே நின்றது. மைக் சார் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மெல்லத் தள்ளிவிட்டு, அந்தக் காதைச் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.