திடலில் பார்த்த மாப்பிள்ளை

அந்தப் பைனாக்குலர் எங்களுடையதன்று. அப்பாவோடு ரயில்வேயில் வேலை பார்த்த கார்டு ஒருவரிடம் இரவல் வாங்கியது. பித்தளைக் குழல்கள் இரண்டும் தண்ணீர் நிறைந்த செம்பைப் போலக் கனக்கும். வலக்கண் பக்கத்துக் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. அதன் வழியாகத்தான் என் அக்கா தன் மாப்பிள்ளையைத் தேடினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அக்காவுக்கு இருபது வயது, எனக்குப் பதினெட்டு. கிள்ளானில் அரசாங்க கிளார்க்காக இருந்த ஒருவரின் சம்பந்தம் அக்காவுக்கு வந்தது. கூடவே முகம் மங்கலாய்த் தெரிந்த சின்னப் படம் ஒன்றும் வந்தது. ஸ்டூடியோவில் வைத்திருந்த போலித் தூணில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார் மனிதர். அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில தூணுக்குத்தான் கொஞ்சம் உயிர் இருக்கு" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்காவோ, ஆளைப் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டேன் என்று நின்றாள். "பெம்பிளைப் பிள்ளை போய் மாப்பிள்ளை பாக்கிறதோ? உனக்கென்ன விசரோ?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

 மறுநாள் மாலை வேலை முடிந்து வந்த அப்பா பைனாக்குலரை மேசைமேல் வைத்தார். "சனிக்கிழமை நான் விளையாட்டுப் பாக்கப் போறன். வாறாக்கள் வரலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சயாம், ஜாவா, ஹாங்காங் ஆகிய இடங்களிலிருந்து ஓட்டக்காரர்கள் கோலாலம்பூருக்கு வந்திருந்தார்கள். மலாயா அணியோடு போட்டி. கிள்ளான் மாப்பிள்ளையும் மலாயா அணியில் ஒருவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா மட்டும் தெரியாதவள் போல எங்கள் சேலைகளை மடிப்புக் கலையாமல் எடுத்துத் தந்தாள்.

அப்படியொரு கூட்டத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மணிக்கூண்டுக்கு எதிரே பசும்புல் திடலைச் சுற்றிப் பலகை வரிசைகள் போட்டிருந்தார்கள். சீனர்கள் குடைகளோடும், மலாய்க்காரர்கள் இடுப்பில் கட்டிய பட்டுச் சாரங்களோடும், செந்தூல் ரயில்வே பட்டறைத் தமிழர்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டும் வந்திருந்தார்கள். பாண்டு வாத்தியம் முழங்க, ஒவ்வொரு நாட்டாரும் தம் கொடியின் பின்னால் நடந்து வந்தார்கள். சயாம்காரர்கள் எல்லோரும் ஒரே உயரமாய்த் தெரிந்தார்கள். ஜாவாவிலிருந்து வந்தவர்கள் கையசைத்தபோது, எனக்கே அசைத்ததுபோல நான் எழுந்து நின்று கையசைத்தேன். கடைசியாக மலாயா அணி வந்தது. கரும்பச்சைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி வைக்கோல் தொப்பி. அக்கா பைனாக்குலரை இறக்கினாள்.

"முகமே தெரியேல்லை. எல்லாம் தொப்பிதான்."

"பொறு பிள்ளை. மன்னர் கீதத்துக்குத் தொப்பியைக் கழட்டத்தானே வேணும்" என்றார் அப்பா. மனிதர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருந்தார்.

கூடைகளைத் திறந்து நூற்றுக்கணக்கான புறாக்களைப் பறக்கவிட்டார்கள். வானம் ஒரு கணம் வெள்ளையாய்ப் படபடத்தது. மன்னர் கீதம் தொடங்கியது. தொப்பிகள் கழன்றன. எல்லோரும் எழுந்து நின்றோம். பாட்டு முடிவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா வரிசை வரிசையாகத் தேடினாள். அந்த நேரம் பார்த்து, சுற்றிக்கொண்டிருந்த புறா ஒன்று இறங்கி, மூன்றாம் வரிசையில் நின்ற ஒருவரின் தலையில் உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. புறாவும் அசையவில்லை. பிறகு புறா தன் வேலையைக் காட்டியது. வெள்ளை எச்சம் நெற்றியில் வழிந்து புருவத்துக்கு வந்துவிட்டது. பாட்டின் நடுவே யார் சிரிக்க முடியும்? திடல் முழுவதும் தோள்கள் மட்டும் குலுங்கின. அந்த மனிதரும் உதட்டைக் கடித்தபடி கண்ணால் சிரித்தார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "அவர்தான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாது. அவரெண்டால் எனக்குச் சம்மதம்."

அப்பாவுக்கும் அது கேட்டது. விழா முடிந்ததும் போட்டியாளர்களின் கூடாரத்துக்குப் போய் விசாரித்து வந்தார். முகம் சுருங்கியிருந்தது. "புறா இருந்தது செந்தூல் பட்டறைப் பொடியன்ர தலையில. அவனுக்குப் பெஞ்சாதியும் ரெண்டு பிள்ளையளும் இருக்கினம்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பக்கத்தில நிண்டு லேஞ்சியால துடைச்சுவிட்டவர்தான் எங்கட ஆள்" என்றார்.

அக்கா திகைத்துப்போனாள். பைனாக்குலரின் வட்டத்துக்குள் அவள் ஒரு முகத்தைத்தான் கண்டிருந்தாள். ஓரத்திலிருந்து நீண்டு வந்த ஒரு கையும், அதிலிருந்த கைக்குட்டையும் நினைவிருந்தன. கைக்குரியவரை அவள் பார்க்கவே இல்லை. வெறுங்கண்ணால் பார்த்த எனக்கு நினைவிருந்தது. எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் முறைத்துப் பார்க்க, ஒருவர் மட்டும் சிரிக்காமல் சற்றே திரும்பி, புறாவை மெல்ல ஒதுக்கிவிட்டு, பக்கத்து மனிதரின் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி விறைத்து நின்றார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அன்றைய ஓட்டத்தில் அவர் கடைசியாக வந்தார்.

ஞாயிறு காலை அக்கா, "அவரை வரச் சொல்லுங்கோ அப்பா. ஒண்டு கேக்க வேணும்" என்றாள். அடுத்த வாரமே மாப்பிள்ளை தன் மாமாவோடு வந்தார். அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டாள்.

"அண்டைக்கு எல்லாரும் சிரிச்சினம். நீங்கள் ஏன் சிரிக்கேல்லை?"

அம்மா கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சிரிச்சிருந்தா என்ர கை ஆடியிருக்கும். எச்சம் அவன்ர கண்ணுக்குள்ள போயிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "பிறகு கூடாரத்துக்குள்ள போய்ச் சிரிச்சனான். அரை மணித்தியாலம். ஓடுறதுக்கு மூச்சே மிஞ்சேல்லை."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சேர்ந்துகொண்டார். படத்தில் தூணோடு நின்ற மனிதரை அதன்பின் நாங்கள் யாரும் தேடவில்லை.

"அப்ப நாள் பாக்கட்டோ, பிள்ளை?" என்றார் அப்பா. சிரிப்பில் பேச்சு வராமல் அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, நேற்று ஏதோ ஒரு நாட்டில் நடந்த விளையாட்டுத் தொடக்க விழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வாணவேடிக்கையில் வானம் பகலாகியிருந்தது. வீரர்கள் வரிசையை மறந்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, துள்ளிக் குதித்துக்கொண்டு போனார்கள். கிள்ளானுக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவர் அத்தான்தான்.

"பாக்கிறீங்களோ அத்தான்?"

"பாக்கிறம், பாக்கிறம். உன்ர அக்காவும் பக்கத்திலதான் இருக்கிறா. இப்பத்தைப் பிள்ளையளை ஆரும் அசையாமல் நிக்கச் சொல்லுறேல்லை" என்றார் அவர், மகிழ்ச்சியோடு. "எவ்வளவு நல்லம்!"