மண்கும்பானில் ஒரு இவான்

ஆங்கிலம் படிப்பிக்கிறவனின் வேலை, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது; ஊரில் வதந்தி பரப்புகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், அவர்களுக்கு மட்டும் ஆள் சேருகிறது.

நான் இந்தத் தொழிலுக்கு விரும்பி வரவில்லை. எனக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, வேலைநிறுத்தத்தில் முன்னுக்கு நின்றேன் என்று அரசாங்கம் என் எழுதுவினைஞர் வேலையைப் பறித்தது. இரண்டாவது, யாருக்காக நின்றேனோ அவர்கள் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பினார்கள். மூன்றாவது, கட்சி உடைந்தபோது இரண்டு பாதியும் என்னை மற்றப் பாதியின் ஆள் என்றன. நாலாவது, எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பில் என் அறையை எரித்தார்கள். என்னை ஆளாக்கிய துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் போயின. ஐந்தாவது, எரியாமல் மிஞ்சியது ஓர் இலக்கணப் புத்தகம்.

அது ரஷ்யர்கள் ஆங்கிலம் படிப்பதற்காக மொஸ்கோவில் அச்சடித்தது. தொழிற்சங்கத்தின் சார்பில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போனபோது அங்கே வாங்கினேன். அதை நம்பித்தான் யாழ்ப்பாணத்தை அடுத்த மண்கும்பானில் ஒரு ரியூசன் கொட்டில் போட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் அயற்கூற்றால் அடிபட்ட வாசகர்களே, உங்கள் துன்பம் எனக்குத் தெரியும். ரஷ்யருக்கும் அதே துன்பம்தான். அவர்கள் மொழியிலும் எங்கள் மொழியிலும், ஒருவர் 'வருகிறேன்' என்றால், 'வருகிறேன் என்றார்' என்று காலத்தை மாற்றாமல் தூக்கி வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் காலத்தை ஒரு படி பின்னுக்கு இறக்க வேண்டும். ஆகவே அந்தப் புத்தகம் எங்களுக்கென்றே எழுதியதுபோல் இருந்தது.

இவான் சொன்னான்

புத்தகத்தில் எந்நேரமும் கதைக்கிறவன் இவான். உழவு இயந்திரம் பழுது என்பான். மழை வரும் என்பான். அதை அயற்கூற்றாக மாற்றுவது எங்கள் தலைவிதி. பின்னேர வகுப்பில் தவமணி என்று ஒருத்தி இருந்தாள். தபாற்கந்தோர் வேலைக்கு விண்ணப்பிக்க ஆங்கிலம் வேண்டும் என்று, கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு வருவாள். "உம்முடைய வீட்டுக்காரர் காலமை சொன்னதை, பேரோட, அயற்கூற்றில சொல்லும் பாப்பம்" என்றேன்.

எழும்பி நின்றாள், வாய் திறக்கவில்லை. புருசனின் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று அவள் நம்பினாள். அவள் மட்டுமா, அந்தப் பக்கத்துப் பெண்கள் அனேகமாக எல்லோரும். பெண் விடுதலை பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கப் போவதாக இவான் சொன்னான் என்று, ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அந்த இவானின்ர பெண்சாதி என்னை மன்னிக்கட்டும், மாஸ்டர். எனக்கு என்ர மனிசன் உயிரோட வேணும்."

புகையிலைத் தோட்டத்து ரஷ்யன்

கொஞ்ச நாளில் ஊர் முழுக்கத் தவமணியின் புருசனை இவான் என்றது. கடைக்காரரும் இவான் என்றார், பஸ் கொண்டக்டர் சீலனும் இவான் என்றான். சொந்தப் பெயர் அவருடைய தாய்க்கும் தபாற்காரருக்கும் மட்டுமே மிஞ்சியது. சண்டைக்கு வருவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

ஒருநாள் வந்தேவிட்டார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, புகையிலைக் கறை படிந்த கையைச் சாரத்தில் துடைத்தார். "மாஸ்டர், ரஷ்யாவில காணி எல்லாருக்கும் பொதுவாமே?" ஓம் என்றேன்.

"அப்ப என்ர பங்கை எடுத்துத் தாங்கோ. பேரை வைச்சுப்போட்டுக் காணியைத் தராமல் விட ஏலாது."

கண்ட ஆக்கள் சொன்னது

ஒருநாள் புகையிலையோடு யாழ்ப்பாணம் போன தவமணியின் மனிசன் திரும்பி வரவில்லை. பண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நேவிக்காரர் பஸ்ஸை மறித்து ஆளை இறக்கியதாகக் கதை வந்தது. கதை மட்டும்தான் வந்தது. "பிடிச்சவையாம்" என்றார் கடைக்காரர். "அடிச்சவையாம்" என்றார் இன்னொருவர். பயம் பிடித்த ஊரில் ஒவ்வொரு செய்திக்கும் 'ஆம்' என்று ஒரு வால் முளைத்துவிடும். சொன்னவன் யார் என்று பிறகு யாராலும் பிடிக்க முடியாது.

சீலனிடம் போனேன். அவனுடைய பஸ்ஸில் நடந்த விசயம். "நீர் வாயைத் திறந்தால் ஆளைக் காப்பாற்றலாம்" என்றேன். அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, நான் ரிக்கற் கிழிக்கிறவன். நான் ஒண்டும் காணேல்லை. கண்ட ஆக்கள் சொன்னதைத்தான் சொல்லுறன்."

முகாம் வாசல்

நேவி முகாமுக்கு நான் போகவில்லை. என் பெயர் அவர்களிடம் முன்பே இருந்தது. என்னோடு வந்தாள் என்பதே தவமணிக்குக் குற்றமாகிவிடும். பக்கத்து வீட்டுக் கமலாக்கா கூடப் போனா. வாசலில் தமிழ் தெரிந்த ஒருவன் ஆளின் பெயரைக் கேட்டான். தவமணி கமலாக்காவைப் பார்த்தாள். காவலுக்கு நின்றவனின் துவக்கைக் கண்ட கமலாக்காவின் வாயில் வந்தது, ஊர் கூப்பிடும் அந்த ஒரு பெயர்தான். திருத்த வேண்டும் என்று தவமணிக்குத் தெரியும். நாக்கு எழும்பவில்லை.

அவன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவன் சொன்னதை அவள் எனக்குச் சொன்னபோது, ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"இவான் எண்டு ஒருத்தனும் இங்க இல்ல. இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்."

கதிரை விழுந்த சத்தம்

பிடித்த ஆளைக் கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட, கொழும்பில் ஒரு வழக்கறிஞர் சம்மதித்தார். மனைவியின் சத்தியக் கடதாசி வேண்டும். கண்ட சாட்சி ஒன்றும் வேண்டும். அவை இல்லாவிட்டால், அப்படி ஒரு மனிதரை யாரும் பிடிக்கவேயில்லை என்று ஆகிவிடும். வேலணையில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானாக இருந்தார். அவர் வீட்டு வாங்கில் மாமியும் கமலாக்காவும் சாட்சிக்கு இருந்தார்கள். எல்லாவற்றையும் நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். சீலனுக்கும் நாளைச் சொல்லிவிட்டிருந்தேன், வருவான் என்று நம்பவில்லை.

நீதவான் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது மாஸ்டர் எழுதினது. ஆரைப் பிடிச்சவை எண்டு நீர் சொல்லும், பிள்ளை. சாட்சிகள் கேக்க வேணும்."

"எழுத்தில இருக்குத்தானே, ஐயா."

"எழுத்து சத்தியம் செய்யாது, பிள்ளை."

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. எனக்கு ஒரு பிரசங்கமும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் சீலன் வந்து நின்றான், காக்கிச் சட்டை வியர்வையில் ஊறியிருக்க.

"நான் கண்டனான்" என்றான். வால் இல்லை. "என்ர பஸ்ஸில இருந்துதான் இறக்கினவை. என்ர கண்ணால கண்டனான். எழுதுங்கோ ஐயா. ஆளின்ர பேர் இவா..."

தவமணி எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. "அந்தப் பேரை எழுதாதேங்கோ! எழுதினால் என்ர மனிசன் இல்லாமலே போயிடுவார்."

அவள் நீதவானின் கையிலிருந்து கடதாசியைப் பறித்தாள், என் பிரசங்கங்கள் எதற்கும் திறக்காத வாய், ஒரு கொண்டக்டரின் அரைச் சொல்லுக்குத் திறந்து, சாட்சிகள் கேட்க, என்னிடம் படித்த ஆங்கிலத்தில் உரக்க வாசித்தது: "கந்தையா சிவபாதம்."