முழு வசனம்

பத்து வயதில் எனக்கு முந்நூறு வேத வசனங்கள் மனப்பாடம். பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்போது அவற்றில் பாதி மறந்துவிட்டது, மீதி வேண்டாத நேரத்தில் வந்து நிற்கிறது. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. முதலில் வேதாகமத்தில் எந்தப் புத்தகம் என்று அதன் பெயர், அதிகாரம், வசன எண். அப்புறம் வசனம், அதன் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை. முடித்ததும் மறுபடி அதிகாரமும் எண்ணும். நடுவில் தொடங்கினாலும் சுழியம், நடுவில் நின்றாலும் சுழியம். பின்னால் நாய் துரத்தினால்கூட எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் ஓடுவோம் என்று மற்றப் பிள்ளைகள் எங்களைக் கேலி செய்வார்கள்.

இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. போடி பஜாரில் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. கடைக்கு மேல் மாடியில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்களுக்கு டீச்சர். மற்ற நாட்களில் கீழே கடையில் பெண்களோடு உட்கார்ந்து காய் பொறுக்குவாள். அவளுக்குப் பதினான்கு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரைக்குக் கட்டுப்படுகிற சர்க்கரை இல்லை, ஊசி போட்டே தீர வேண்டிய வகை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஃபிரிட்ஜ் கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் அவளுடைய மருந்துக் குப்பி நிற்கும். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்தார்கள், குப்பியைப் பற்றி விசாரித்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள். பிறகு பெண் பார்க்க வருவதும் நின்றுபோனது.

இதைப் பற்றியெல்லாம் அத்தை பேசி நான் கேட்டதில்லை. அவள் வயிற்றில் ஊசி குத்திக்கொள்வதைப் பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலையாகவே பார்த்து வளர்ந்தேன்.

அந்த வருடம் மழை ஓய்ந்த கையோடு ஒரு பிரசங்கியார் ஊருக்கு வந்தார். எந்தச் சபையையும் சேர்ந்தவரில்லை. எந்த ஊர் என்று கேட்டால் பரலோகம் என்பார். வாடகைப் பத்திரத்தில் என்ன எழுதினாரோ தெரியாது. காலியாகக் கிடந்த ஏலக்காய்க் குடோன் ஒன்றைப் பிடித்து, சனிக்கிழமை மத்தியானங்களில் கூட்டம் நடத்தினார். நல்ல குரல், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எல்லோரும் அவரை பிரதர் என்று கூப்பிட்டார்கள். உண்மையான விசுவாசிக்கு வியாதியே கிடையாது என்பது அவருடைய போதனை. மருந்து தின்பவன் தேவனை நம்பாதவன், ஊசி போடுகிறவன் தேவனுடைய கையைத் தட்டிவிடுகிறவன். இதைக் கேட்டு ரத்தக்கொதிப்பு மாத்திரையை விட்டவர்கள் இருந்தார்கள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டுத்தடுமாறி வீடு போனவர்கள் இருந்தார்கள்.

அத்தையும் போக ஆரம்பித்தாள். அவளோடு அம்மா என்னை அனுப்பினாள். போகும்போது என் பைக்குள் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தைத் திணித்து, சர்க்கரை இறங்கி அத்தைக்கு மயக்கம் வந்தால் வாயில் போடச் சொன்னாள். நான் பொட்டலத்தை மறந்துவிட்டேன். ஏனென்றால் இரண்டாவது சனிக்கிழமையே பிரதர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். வசனம் சொல்லத் தெரிந்த பிள்ளை உண்டா என்று கேட்டார், எழுந்தேன். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள். அவர் எண்ணைச் சொல்வார், நான் மைக்கில் வசனத்தைச் சொல்வேன். தனக்கு வேண்டிய இடம் வந்ததும் கையைத் தூக்கி, போதும் பாப்பா என்பார். முதல் தடவை எனக்கு அது உறுத்தியது, சுழியமாயிற்றே என்று. ஆனால் குடோன் முழுக்க அல்லேலூயா எழுந்தபோது உறுத்தல் போய்விட்டது. கைத்தட்டலுக்கு மயங்குவதில் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றுதான்.

அப்பாதான் தனியாக மல்லுக்கு நின்றார். கூட்டம் முடிந்ததும் வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்துக்கொண்டு பிரதரிடம் போவார். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கைவைத்தியம் சொல்லி எழுதியிருக்கிறார், இந்த இடங்களையும் வாசியுங்கள் என்பார். பிரதர் புன்னகையோடு, எழுத்து கொல்லும் என்றும் அதே வேதத்தில்தான் இருக்கிறது என்பார். ஜனங்கள் சிரிப்பார்கள். அப்பாவுக்குப் பரிசேயர் என்று பெயர் வந்தது, வேத எழுத்தைப் பிடித்துக்கொண்டு இயேசுவோடு வாதாடியவர்களின் பெயர். எங்கள் சபைப் போதகரான ஐயர்கூட, நீங்கள் ஏன் வீண் வம்பு வளர்க்கிறீர்கள், ஜெபம் பண்ணுவோம் என்று நழுவிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அப்பா அத்தையிடம் தொடங்குவார். அவருக்குத் தங்கை இன்னும் பாப்பாதான். சோறு ஆறும்.

"நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல பாப்பா. எழுதியிருக்கத முழுசா வாசின்னுதான் சொல்றேன்."

அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா இன்னொரு அதிகாரத்தைப் புரட்டுவார். வாதத்தில் அவர் ஒருநாளும் தோற்றதில்லை, ஒருநாளும் பலனும் இல்லை. அம்மா, சாப்பிட விடுங்களேன் என்றால், "ஊதுற சங்க ஊதி வப்போம், விடியும்போது விடியட்டும்" என்று எழுந்து போய்க் கை கழுவுவார். பகலெல்லாம் கடையில் தொண்டை கிழியப் பேரம் பேசிவிட்டு வருகிற மனுஷர். அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த அலுப்பு, இப்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போது எனக்குப் புரிகிறது. அன்று எனக்கு அவர்மேல் எரிச்சல்தான். என் கூட்டத்தைக் கெடுக்கிறாரே என்று.

ஒரு சனிக்கிழமை அத்தை, தேவன் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல மேடையேறினாள். மூன்று வாரமாகக் காலை ஊசி போடுவதில்லை என்றாள். எனக்கே அது புதுச் செய்தி. அவள் மெலிந்திருந்தாள், செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தும் ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை. இனிச் சாயங்கால ஊசியும் வேண்டாம் என்று பிரதர் அறிவித்தார். கடையிலிருந்து நேராக வந்த அப்பா சட்டையெல்லாம் ஏலக்காய்த் தூசியோடு கதவோரம் நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே பிரதர், சுகமுள்ளவர்களுக்கு வைத்தியன் வேண்டாம் என்று இயேசுவே சொன்னார், மத்தேயு ஒன்பது பன்னிரண்டு, பாப்பா நீ சொல்லு என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

அவர் எடுத்துக் கொடுத்தது வசனத்தின் பின்பாதி. எங்களுக்கோ நடுவில் தொடங்க நாக்கு எழும்பாது. மத்தேயு, ஒன்பதாம் அதிகாரம், பன்னிரண்டாம் வசனம் என்று ஆரம்பித்து முதல் வார்த்தையிலிருந்து சொன்னேன். நோயாளிகளுக்குத்தான் வைத்தியன் தேவை, சுகமுள்ளவர்களுக்கு அல்ல என்பதுதான் அந்த வசனம். நோயாளி முதலிலேயே வந்துவிடுகிறார். பிரதர் கையைத் தூக்குவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. முடித்துவிட்டு எண்ணையும் சொன்னேன். தைரியத்தால் அல்ல, பழக்கதோஷத்தால் சொன்னேன். அப்பா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் அப்படி என்னைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிரதர் அசரவில்லை. பாப்பா சரியாகச் சொன்னாள் என்றார். பிறகு மைக்கை அத்தையிடம் கொண்டுபோனார்.

"நோயாளிக்குத்தான் வைத்தியன். சகோதரி, நீங்கள் நோயாளியா?"

அத்தை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. போட்டியில் எனக்கு வசனம் மறந்தால் எடுத்துக் கொடுப்பதற்காக அசையுமே, அந்த மாதிரி. பிறகு மைக்கில் சொன்னாள்.

"இல்லங்கய்யா. நான் சுகமாத்தான் இருக்கேன்."

தகரக் கூரை அதிர அல்லேலூயா எழுந்தது. அப்பா வெளியே போய்விட்டார். அன்று சாயங்காலம் ஊசி போட்டாயா என்று அவர் கேட்டதற்கு அத்தை, போட்டாச்சு அண்ணே என்றாள். அத்தை பொய் சொல்வாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாது. நம்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வேகவேகமாக, ஆழமாக மூச்சு விட்டாள். கிட்டே போனதும் அவள் மூச்சில் ஒரு வாசனை. நன்றாகக் கனிந்த பழ வாசனை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கியவர்கள்மேல் பரிமளம் வீசும் என்று பிரதர் சொல்லியிருந்தாரே. அத்தையின் பக்கத்தில் முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பாவின் பரிசேயத்தனத்துக்கு இது சரியான பதில் என்ற எண்ணம் வந்ததும் படியிறங்கிக் கடைக்கு ஓடினேன். அவர் சல்லடையில் காய் சலித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அத்த மேல அபிசேக வாசன வருது. பழ வாசன."

சல்லடை கீழே விழுந்து காய் தெருவரை சிதறியது. அப்பா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். பதினான்கு வயதில் அத்தை முதல்முதலாக மயங்கி விழுந்த அன்றும் வீட்டில் அதே வாசனை இருந்ததாம். சர்க்கரை முற்றினால் மூச்சில் வருகிற வாசனை அது. அத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பக்கத்துக் கடை பாய், ஏன் எதற்கு என்று கேட்காமல் தன் காரை எடுத்தார். தேனியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அப்பா ஒரு வசனமும் சொல்லவில்லை என்று பாய் பிற்பாடு அம்மாவிடம் சொன்னார். தங்கையின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டே போனாராம்.

மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து அத்தை பிழைத்தாள். தாம் ஜெபித்ததால்தான் பிழைத்தாள் என்று பிரதர் ஆள் விட்டுச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை குடோனில் வேறொருவர் சாட்சி சொன்னார். அன்றும் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கதவோரம் நின்று, கூட்டம் முடிந்ததும் வேதாகமத்தைத் திறந்தாராம். அன்றும் சிரித்தார்களாம்.

மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அன்றைக்கு மைக்கில் நான் வசனத்தை முழுதாகத்தானே சொன்னேன் என்று அத்தையிடம் கேட்டேன்.

"முழுசாத்தான் சொன்ன. நான் சொல்லிக் குடுத்ததுதான, எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் அத்தே சுகமா இருக்கேன்னு சொன்னீக?"

அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ நோயாளியான்னு இதுவர என்னய ஒருத்தரும் கேட்டதில்ல ஆத்தா. கேக்காமலே எல்லாருக்கும் தெரியும். அன்னைக்குத்தான் மொதத் தடவையாக் கேட்டாக. இல்லன்னு ஒரு வாட்டி சொல்லிப் பாக்கணும்போல இருந்துச்சு."

அப்பா ஃபிளாஸ்கோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வராமல் திரும்பி வராந்தாவுக்குப் போனார். அத்தை சபை நடுவில் தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறாள், இது எத்தனையாவது கட்டளையில் வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அத்தையிடம் வேத வாக்குவாதம் செய்யவே இல்லை. ஊரில் செய்தார், வீட்டில் விட்டுவிட்டார். அதற்குப் பதில் புதிதாக ஒரு வழக்கம் தொடங்கியது. காலையில் கடை திறக்குமுன் ஃபிரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்து, ஊசியில் ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அத்தையின் கையில் அவரே குத்துவார். சாயங்காலம் வியாபாரம் நடுவில் இருந்தாலும் மாடிக்கு வந்துவிடுவார். "அங்கன பாத்துக்க பாப்பா" என்பார். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முடிந்ததும் பஞ்சால் ஒற்றிவிட்டு இறங்கிப் போவார். மழையோ காய்ச்சலோ, ஒரு வேளையும் தவறவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. அத்தைக்கே போட்டுக்கொள்ளத் தெரியும், ஏன் அவளை நம்ப மாட்டேன் என்கிறீர்கள் என்று ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "அவளுக்குத் தெரியும் ஆத்தா" என்றார், அவ்வளவுதான். வேதத்தை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த மனுஷர் சொந்தத் தங்கையைத் திருடியைப் போலக் காவல் காக்கிறாரே என்று எனக்கு ஆற்றாமை. அந்த 'அங்கன பாத்துக்க' எதற்கு என்று பிடிபடும்வரை, அவர்மேல் வெகுநாள் கோபமாகவே இருந்தேன்.