அந்தப் பதின்மூன்று நாள்

ஆகஸ்ட் இருபத்து நாலாம் தேதி நகர சுகாதார நிலையத்தில் சுகன்யாவுக்குக் கர்ப்பிணி அட்டை போட்டார்கள். வயது, எடை, இரத்த வகை எல்லாம் எழுதி, அதன் கீழே 'பதினொரு வாரம்' என்று எழுதியிருந்தார் நர்ஸ் அல்போன்சா. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்று அட்டையைப் படம் பிடித்து மணிமாறனுக்கு அனுப்பினாள் சுகன்யா. அந்தப் பக்கம் அவனும் துள்ளிக் குதிப்பான் என்றுதான் நினைத்தாள்.

மணிமாறனுக்கு ரிக் வண்டியில் வேலை. மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போர்வெல் போடுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். கல்யாணமான இரண்டு வருடத்தில் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் நாலு மாதம் தேறாது. இந்த முறை வண்டி சர்வீசுக்கு நின்றதால் ஜூன் இருபத்தொன்றாம் தேதி வந்தான். பதினேழு நாள் இருந்துவிட்டுப் போனான்.

மதியம் போன் வந்தது.

"ஏ புள்ள, நான் என்னைக்கு வந்தேன்?"

"ஜூன் இருபத்தொண்ணு. ஏன் மாமா?"

"பதினோரு வாரம்னா எழுபத்தேழு நாளு. பின்னால எண்ணிப் பாத்தா ஜூன் எட்டுல போய் நிக்குது."

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. அதற்குள் அவனே முடித்துக்கொண்டான்.

"சரி, இங்க சிக்னல் இல்ல. வைக்கிறேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

நாகல் நகரில் மாடி அறை ஒன்றில் அவள் தனியாகக் குடியிருந்தாள். அம்மா இல்லை. நத்தத்தில் அப்பா ஒரு மாந்தோப்புக்குக் காவல். பாலசமுத்திரத்தில் இருக்கும் மாமியாரிடம் இதைச் சொன்னால் வேறு வினையே வேண்டாம். நைட்டி தைக்கிற யூனிட்டில் மிஷின்கள் போடுகிற இரைச்சலுக்கு நடுவே அவள் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊர்ப் பெண்கள் நாள் தள்ளிப்போனதிலிருந்துதான் எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் ஏழு வாரம். அவன் வந்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது. அட்டையிலோ பதினொன்று. ஜூன் எட்டு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாதவிலக்கு வந்து தூரமாகி, வயிற்றுவலியோடு யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்துக் கிடந்த நாள். அந்த நாளில் எப்படிப் பிள்ளை தங்கும்? தப்பு செய்யாதவளுக்கே தான் ஏதோ செய்துவிட்டோமோ என்று தோன்றியது. அல்போன்சா சிஸ்டரிடம் கேட்கலாம், கேட்டால் 'ஏன் கேக்குற?' என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

சுகன்யா பூவம்மா என்று கூப்பிடும் கீழ்வீட்டு ஜெய்தூன் பீவிக்கு எதுவும் தப்பாது.

"என்ன புள்ள, மாப்பிள்ளை போன் சத்தத்தையே காணோம்? ஏழு மணியானா மாடிப்படியில உக்காந்து குசுகுசுன்னு சிரிப்பியே! எனக்கு சீரியல் கூட காதுல விழுகாது."

"பேசிட்டுத்தான் இருக்கோம் பூவம்மா."

அன்று மாலையிலிருந்து சரியாக ஏழு மணிக்கு அவள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். செத்துக் கிடந்த போனைக் காதில் வைத்துக்கொண்டாள். "சாப்டீங்களா மாமா? இங்க வெயிலு குறையவே இல்ல. நாளைக்குக் கத்தரிக்கா வெஞ்சனம் வைக்கலாம்னு இருக்கேன்" என்று கீழே கேட்கிற மாதிரிப் பேசினாள். நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். பத்து நிமிடம் பேசிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பதினொரு மாலைகள் இப்படிப் போயின.

பன்னிரண்டாம் நாள் சத்து மாத்திரை வாங்கப் போனவள், கூட்டம் கலையும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அல்போன்சா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்தா, மாத்திரைதான் வாங்கிட்டயே?"

"சிஸ்டர், பதினோரு வாரம்னு எப்படி எழுதுனீங்க?"

"நீ சொன்னதுதான். கடைசியாத் தூரமான மொத நாள் என்னைக்குன்னு கேட்டேன், ஜூன் எட்டுன்னே. அதுலருந்துதான் எண்ணணும். அதோட ஏழு நாளும் ஒன்பது மாசமும் கூட்டு. பிரசவத் தேதி மார்ச் பதினஞ்சு. மொத்தம் இருநூத்தி எம்பது நாளு."

"அன்னைக்குப் பிள்ளை இல்லையே சிஸ்டர்?"

அல்போன்சா சிரித்தார். "மொத ரெண்டு வாரம் யாரு வயித்துலயும் பிள்ளை இருக்காது, கணக்குல மட்டும் இருக்கும். பிள்ளை தங்குன நாளு எவளுக்குத் தெரியும்? தூரமான நாளு தெரியும். தெரிஞ்ச நாளுலருந்து எண்ணுறோம். அடுத்த வாரம் ஸ்கேன்ல பிள்ளையோட நீளத்த அளந்தா இன்னும் சரியாச் சொல்லிருவாங்க. அதுக்காக மார்ச் பதினஞ்சுக்கு டாண்ணு பொறந்துரும்னு நெனைக்காத. நூறு பேருல நாலஞ்சு பேருதான் சொன்ன தேதியில பெறுவாளுக. முன்னப்பின்ன ஆகும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "வீட்டுக்காரரு வெளியூரா?"

சுகன்யா தலையை மட்டும் ஆட்டினாள். அல்போன்சா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்கே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டாள். அழக்கூடாது என்று இரண்டு முறை அழித்துவிட்டு, மூன்றாவது முறை பேசினாள்.

"மாமா, நீங்க போர் போடுறீங்க. அறுநூறு அடியில தண்ணி வருது. அடிக் கணக்கு எங்கருந்து போடுவீங்க? தண்ணி வந்த இடத்துலருந்தா, தரையிலருந்தா? மேல மண்ணுலயும் பாறையிலயும் தண்ணி இல்லையேன்னு அந்த அடியத் தள்ளிருவீங்களா? இதுவும் அப்படித்தான். நான் தூரமான நாளு தரை. நீங்க வந்ததெல்லாம் அதுக்குக் கீழ பதிமூணு நாள் கழிச்சு. ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் இதுதான் கணக்கு. பிரசவம் மார்ச் பதினஞ்சு வாக்குலயாம். சந்தேகம்னா சிஸ்டர் நம்பர் தாரேன்."

நீலக் குறி விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"புள்ள..." என்றான். "தரையிலருந்துதான் போடுவோம்."

"ம்."

"வண்டியில இருந்த பயலுக முன்னாடி விரல் விட்டு எண்ணிட்டேன். சிரிச்சானுக. எனக்கு மண்டை சூடாகிருச்சு. தப்புதான். மன்னிச்சிரு புள்ள."

"சரி மாமா."

"மார்ச் பத்தாம் தேதியே வந்துருவேன். ஓனர்ட்ட இப்பவே லீவு சொல்லிட்டேன். நீ எதையும் மனசுல வச்சுக்காத."

"சரி மாமா."

மறுநாள் ஏழு மணிக்கு அவனே கூப்பிட்டான். அதற்கடுத்த நாளும். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினாள். சாப்பாட்டைக் கேட்டாள், வெயிலைச் சொன்னாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். கீழே ஜெய்தூன் பீவி, "ஆரம்பிச்சுட்டாளா!" என்று டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அவர் எந்த வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவும் இல்லை. ஆளில்லாத போனில் பதினொரு நாள் பேசிய அதே குரலில்தான் சுகன்யா இப்போதும் பேசிக்கொண்டிருந்தாள்.